முருங்கையிலைப் பொடி

நம் நாட்டுச் சிற்றூர்களில் சிறிதளவேனும் கொல்லைப்புறம் உடைய வீடு எதுவாயினும், அங்கு முருங்கை மரம் ஒன்று நிற்கக் காணலாம். கிணற்றடியில் வாழையும் வேலியோரத்தில் முருங்கையும் இல்லாத கொல்லையைக் கொல்லை என்று சொல்ல நம் பாட்டிமார் மனம் ஒப்பார். அம்மரத்தை நட்டவர் இன்னார் என்பதை வீட்டார் மறந்திருப்பர். அதற்கென்று நீர் பாய்ச்சுவார் இலர், எருவிடுவாரும் இலர். போத்து ஒன்றை வெட்டி மண்ணில் ஊன்றி, அதன் தலையில் சிறிது சாணத்தை அப்பிவிட்டால் போதும். சில வாரங்களில் அது தளிர்த்துவிடும்.

முருங்கையைப் பற்றி நம் மக்களிடையே வழங்கும் பழமொழிகள் பல. ‘முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான்’ என்பது அவற்றுள் ஒன்று. முருங்கையை நட்டு, அதன் கீரையையும் காயையும் உண்டு வந்தவன் முதுமையிலும் கோல் ஊன்றாமல் கைவீசி நடப்பான் என்பது அதன் பொருள். ‘முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும்’ என்பது மற்றொன்று. இதன் முற்பகுதி முற்றிலும் உண்மை. ஒடிக்க ஒடிக்க முருங்கை புதுக்கிளை விட்டுத் தழைக்கும். பிற்பகுதியை இக்காலத்தில் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. இனி, வேதாளம் ஏறிய மரமும் முருங்கையே என்பதை விக்கிரமாதித்தன் கதை கேட்ட குழந்தைகள் எல்லாரும் அறிவர். முருங்கைக் கிளை வலுவற்றது. காலை வைத்தவுடன் முறிந்துவிடும். பிள்ளைகள் அதில் ஏறி விழாதிருக்கும் பொருட்டே பெரியோர்கள் அங்குப் பேயைக் குடியேற்றினரோ என்று நான் எண்ணுவதுண்டு.

முருங்கையின் தாயகம் இமயமலையின் அடிவாரம் என்பர் தாவர நூலார். ஆயினும் அதற்கு உலகம் வழங்கும் பெயர் தென்னாட்டுப் பெயரே. தாவர நூலில் இம்மரம் ‘மோரிங்கா ஒலிஃபெரா’ எனப்படும். ‘மோரிங்கா’ என்பது நம் ‘முருங்கை’யினின்றும் பிறந்த சொல். தெலுங்கில் முனகா என்றும், கன்னடத்தில் நுக்கே என்றும், பிலிப்பைன்ஸ் தீவுகளில் மலுங்காய் என்றும் இதனை வழங்குவர். யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, செம்முருங்கை, கொடிக்கால் முருங்கை, மூலனூர் முருங்கை என நம்மிடையே வகைகளும் பல உள. இம்மரத்தின் விதை கலங்கல் நீரைத் தெளிவிக்கும். விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் முற்காலத்தில் கைக்கடிகாரங்களின் நுண்ணிய உறுப்புகளுக்கு இடப்பட்டது. வேர் முதல் விதை வரை ஒவ்வொன்றின் பயனையும் கூறப் புகுந்தால் ஏடு இடங்கொடாது. ஆதலின் அவற்றை விடுத்து, இலையை, அதிலும் உலர்த்திப் பொடித்த இலையை மட்டும் இங்குக் காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த செய்தியொன்றை ஈண்டுக் கூறுதல் பொருத்தமாகும். என் தங்கை அப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் பயின்று வந்தாள். ஒருநாள் காலை இறைவணக்கத்தின்போது வரிசையில் நின்றிருந்தவள் மயங்கி விழுந்தாள். வெயிலில் நின்றதால் வந்த மயக்கம் என்றே முதலில் எல்லாரும் எண்ணினோம். மருத்துவர் அம்மையார் அவளுடைய கண்ணிமையின் உட்புறத்தையும் நகங்களையும் பார்த்தார். குருதியைச் சோதிக்கச் செய்தார். அவ்வயதுப் பெண்ணுக்கு 100 மில்லி லிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், அவளுக்கு 9 கிராமே இருந்தது. இந்நிலைக்குக் குருதிச்சோகை என்று பெயர்.

இஃது எங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்ததன்று. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 100-க்கு 59 பேர் குருதிச்சோகை உடையவர்கள். மாணவியரே! உங்கள் வகுப்பில் அமர்ந்திருப்போரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்டோர் இக்குறை உடையவராய் இருத்தல் கூடும். அவர்களுள் பலர் அதனை அறியாமலும் இருத்தல் கூடும். படித்தது மனத்தில் நில்லாமை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், எப்பொழுதும் சோர்வு ஆகியவற்றைச் சோம்பல் என்று பெற்றோர் கடிந்துகொள்வர். எங்கள் வீட்டிலும் அவ்வாறே என் தங்கையைக் கடிந்துகொண்டோம். அதனை எண்ணினால் இன்றும் எனக்கு வருத்தமே உண்டாகிறது.

மருத்துவர் குடற்புழு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரைகளும் கொடுத்தார். மாத்திரை உண்டால் வயிறு புரட்டுகிறது என்று என் தங்கை முகம் சுளித்தாள். அச்சமயத்தில் அடுத்த வீட்டு அத்தை ஒருவர் பச்சைநிறப் பொட்டலம் ஒன்றைக் கொண்டு வந்தார். அது முருங்கையிலைப் பொடி. ஆரஞ்சுப் பழத்தைக் காட்டிலும் 7 மடங்கு உயிர்ச்சத்து சி, காரட்டைக் காட்டிலும் 4 மடங்கு உயிர்ச்சத்து ஏ, பாலைக் காட்டிலும் 4 மடங்கு சுண்ணாம்புச்சத்து, வாழைப்பழத்தைக் காட்டிலும் 3 மடங்கு பொட்டாசியம், தயிரைக் காட்டிலும் 2 மடங்கு புரதம் என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. என் தாயார் அதனைப் படிக்கக் கேட்டார். கொல்லையைத் திரும்பிப் பார்த்தார். “நம் வீட்டு மரத்தில் இல்லாததா இது? விலை கொடுத்து வாங்குவானேன்?” என்றார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது என் தாயார் மருத்துவரிடம், “அம்மா, எங்கள் கொல்லையில் முருங்கை தழைத்து நிற்கிறது. அதன் இலைப்பொடியைக் கொடுத்து வந்தால் இம்மாத்திரைகள் வேண்டியதில்லை அல்லவா?” என்று கேட்டார்.

மருத்துவர் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. “பொடியைத் தாராளமாகக் கொடுங்கள், அம்மா. அது நல்ல உணவு. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்” என்றார்.

“ஏன், அம்மா? அவ்வளவு சத்து உண்டு என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதே?”

“உங்கள் வீட்டில் கணக்குப் போட வல்லவர் எவரேனும் இருந்தால், அந்தப் பொட்டலத்தில் உள்ளதை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்” என்றார் மருத்துவர்.

அக்கணக்குப் போடும் பணி என் தலையில் விழுந்தது. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் போடக்கூடிய கணக்கே அது. நீங்களும் உடன் போட்டுப் பாருங்கள்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் நம் நாட்டு உணவுப்பொருள்களைச் சோதித்து அட்டவணைகள் வெளியிட்டு வந்துள்ளனர். அந்நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் முருங்கைக்கீரைக்கு உயிர்ச்சத்து சி 220 மில்லிகிராம், சுண்ணாம்புச்சத்து 440 மில்லிகிராம், புரதம் 6.7 கிராம் எனக் குறிக்கப்பட்டுள்ளன. அதே அட்டவணையில் ஆரஞ்சுக்கு உயிர்ச்சத்து சி 30 மில்லிகிராம். பாலுக்குச் சுண்ணாம்புச்சத்து 120 மில்லிகிராம். தயிருக்குப் புரதம் 3.1 கிராம். வகுத்துப் பார்த்தால் 7 மடங்கும், 4 மடங்குக்கு நெருங்கிய அளவும், 2 மடங்கும் வருகின்றன. பொட்டலத்தின்மேல் உள்ள கூற்றுகள் எங்கிருந்து வந்தன என்பது இப்பொழுது விளங்குகிறதன்றோ? அவை பச்சைக்கீரையின் கணக்கு. பொட்டலத்தினுள் இருப்பதோ உலர்ந்த பொடி.

கீரையை உலர்த்தும்போது நீர் மட்டும் நீங்குவதில்லை. காற்றும் வெப்பமும் பட்டால் உயிர்ச்சத்து சி அழிந்துவிடும். நூறு கிராம் பொடியில் அது ஏறத்தாழ 17 மில்லிகிராம் அளவே எஞ்சும். ஆரஞ்சினும் 7 மடங்கு என்ற பெருமை உலர்த்தும் துணியிலேயே மறைந்துபோகிறது. வாழைப்பழக் கூற்றோ இன்னும் விந்தையானது. பழைய அட்டவணையில் வாழைப்பழத்தின் பொட்டாசியம் 88 மில்லிகிராம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் நடந்த சோதனைகளில் அது 300 மில்லிகிராமுக்கும் மேல் எனத் தெளிவாயிற்று. அவ்வாறாயின் 259 மில்லிகிராம் உடைய முருங்கைக்கீரை வாழைப்பழத்தினும் தாழ்ந்ததே. அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் கீரையின் அளவுகளும் குறைந்து காணப்படுகின்றன. உயிர்ச்சத்து சி 108 மில்லிகிராம் என்றும், சுண்ணாம்புச்சத்து 314 மில்லிகிராம் என்றும் அதில் உள்ளன. மண், பருவம், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கு ஏற்ப இவ்வளவுகள் மாறும். அட்டவணை திருந்தியது, பொட்டலம் திருந்தவில்லை.

இனிப் பொடிக்கு வருவோம். பச்சைக்கீரையில் நான்கில் மூன்று பங்கு நீர். அந்நீர் நீங்கியபின் எஞ்சும் சத்துகள் செறிந்துவிடுகின்றன. ஆதலின் 100 கிராம் பொடியில் புரதம் 27 கிராம், சுண்ணாம்புச்சத்து 2,000 மில்லிகிராம், இரும்புச்சத்து 28 மில்லிகிராம் என்ற அளவுகளில் இருப்பதாகப் பரவலாகக் காட்டப்படும் அட்டவணை ஒன்று கூறுகிறது. பாலினும் 17 மடங்கு என்று சிலர் விளம்பரம் செய்வது இதனைக் கொண்டே. ஆயின் 100 கிராம் பொடியை ஒரே நாளில் உண்பவர் யார்? பொடி மிக இலேசானது. குவித்து எடுத்த ஒரு பெரிய கரண்டியில் 8 கிராமே கொள்ளும். அந்த 8 கிராமில் சுண்ணாம்புச்சத்து 160 மில்லிகிராம். ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி லிட்டர் பாலில் 240 மில்லிகிராம் உண்டு. ஆகவே ஒரு கரண்டிப் பொடி முக்கால் தம்ளர் பாலுக்கும் ஈடாகாது.

இரும்புச்சத்துக் கணக்கே என் தாயாருக்கு முதன்மையானது. ஒரு கரண்டிப் பொடியில் அது ஏறத்தாழ 2¼ மில்லிகிராம். பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்துள்ளது. என் தங்கைக்குக் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இருந்தது. அம்மாத்திரை ஒன்றுக்கு ஈடாக ஏறத்தாழ 27 கரண்டிப் பொடி உண்ண வேண்டும். அதன்றியும், இலைகளில் உள்ள இரும்புச்சத்து முழுவதையும் நம் குடல் ஏற்பதில்லை. அதில் ஒரு சிறு பகுதியே குருதியில் சேரும். கணக்கைப் படித்துக் காட்டினேன். என் தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். “சரி, மாத்திரையும் உண்ணட்டும், பொடியும் உண்ணட்டும்” என்றார்.

இவ்வாறு கூறியதனால் பொடி பயனற்றது என்று கொள்ளற்க. மாத்திரை நோய்க்கு மருந்து. பொடி நாள்தோறும் கொள்ளும் உணவு. ஒரு கரண்டியில் 2 கிராம் புரதம் தரும் வேறு இலைப்பொடிகள் அரிய. கண்ணுக்கு ஒளி தரும் உயிர்ச்சத்து ஏ ஆக உடலில் மாறவல்ல கரோட்டின் இதில் மிகுதி. இச்சத்து குறைந்த குழந்தைகளுக்கே மாலைக்கண் வருகிறது. சோறும் ஊறுகாயும், சோறும் இரசமும் என்று உண்டு எழும் ஒருவர் உணவில் இப்பொடி சேர்ந்தால், அவ்வுணவில் இல்லாத சிலவற்றை அது கொண்டு சேர்க்கும். பாலும் முட்டையும் நாள்தோறும் வாங்க இயலாத இல்லங்களில் இஃது எளிய பொருளன்று.

இவ்வுண்மையைக் கடல் கடந்த நாடொன்றில் செயலிற் கண்டனர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் என்னும் நாடு உள்ளது. அங்கு முருங்கையை ‘நெபெடை’ என்பர். ‘ஒருபோதும் சாகாதது’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் மருவி இப்பெயர் ஆயிற்று என்று கூறுவர். வெட்ட வெட்டத் தழைக்கும் மரத்திற்கு நம்மவர் பழமொழி சொன்னார்கள். அவர்கள் பெயரே சூட்டிவிட்டார்கள். அந்நாட்டின் தென்மேற்கில் உள்ள சிகின்சோர் வட்டாரத்தில், 1990-களின் பிற்பகுதியில், லோவெல் ஃபியூக்லி என்பவர் தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் முருங்கையிலைப் பொடியைப் பரப்ப முற்பட்டார். ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் அவர்கள் உண்ணும் உணவிலேயே இதனைக் கலந்து கொடுக்கச் சிற்றூர் நலவாழ்வு நிலையத்தார்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

அங்குக் கீரையாகக் கொடாமல் பொடியாகக் கொடுத்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். குழந்தையின் சிறிய வயிறு ஒரு கிண்ணம் கீரையை ஏற்காது. ஒரு சிறு கரண்டிப் பொடியைக் கஞ்சியில் கலந்தால் அது தெரியாமலே உட்சென்றுவிடும். கீரை ஒருநாளில் வாடும். பொடி திங்கள் கணக்கில் இருக்கும். மேலும் அந்நாட்டில் கோடையின் இறுதியில் களஞ்சியங்கள் காலியாகி, பிற செடிகள் காய்ந்து நிற்கும்பொழுது, முருங்கை மட்டும் பசுமையாக நிற்கும். பசி மிகுந்த காலத்தில் இலை நல்கும் மரம் என்பதே அதன் தலையாய சிறப்பு.

பொடி செய்யும் முறையை இனிக் கூறுவேன். இதில் எங்கள் வீட்டில் நேர்ந்த பிழையை முதலிற் சொல்லிவிடுகிறேன். என் தாயார் முதன்முறை கீரையை உருவி, வற்றல் காயவைப்பது போல மொட்டை மாடியில் பாய் விரித்து, நல்ல வெயிலில் பரப்பினார். இரண்டே நாளில் இலை சருகாயிற்று. அரைத்துக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, எல்லாரும் பார்க்கும்படி சன்னலோரத்தில் வைத்தார். முதலில் வெளிறிய பச்சையாய் இருந்த பொடி, ஒரு திங்களில் வைக்கோல் நிறமாயிற்று. மணமும் வைக்கோல் மணமே. ஒளி பட்டால் கரோட்டின் சிதையும். எச்சத்துக்காகப் பொடி செய்தாரோ அச்சத்தைக் கதிரவனுக்குக் கொடுத்துவிட்டு, நாரை மட்டும் நாங்கள் உண்டுகொண்டிருந்தோம்!

இரண்டாம் முறை செய்தது நன்கு அமைந்தது. அதிகாலையில், பனியீரம் உலர்ந்தபின், பூச்சி அரியாத இலைகளைக் கொத்தாக ஒடிக்க வேண்டும். கம்பளிப்புழு மொய்த்த கிளையின் பக்கமே செல்லலாகாது. மஞ்சள் இலைகளை நீக்கி, சிறிது உப்பிட்ட நீரில் ஒருமுறையும், தூய நீரில் இருமுறையும் அலச வேண்டும். இந்நீர் குடிக்கத் தகுந்த நீராய் இருத்தல் இன்றியமையாதது. ஏனெனில் இப்பொடியைப் பலர் வேகவைக்காமலே உண்கின்றனர். நீர் வடிந்தபின், கொத்துகளைத் தலைகீழாகக் கயிற்றில் தொங்கவிடலாம். அல்லது இலைகளை உருவி, கயிற்றுக் கட்டிலின்மேல் விரித்த வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு பரப்பலாம். அறை காற்றோட்டம் உடையதாகவும், வெயில் விழாததாகவும் இருக்க வேண்டும். நாள்தோறும் இருமுறை இலைகளைப் புரட்டிவிட வேண்டும். தடித்துப் பரப்பினால் அடியில் உள்ளவை புழுங்கிக் கறுக்கும்.

மழையற்ற நாளாயின் நான்கைந்து நாளில் இலை உலர்ந்துவிடும். உலர்ந்ததா என்பதை அறியக் கருவி வேண்டா. இலையொன்றை இரு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் அது மடியாமல் பொடியாக வேண்டும். சிறிது வளைந்தாலும் ஈரம் உள்ளது என்று அறிக. நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் ஈரம் இருப்பின் பொடியில் பூஞ்சணம் பூக்கும். நன்கு உலர்ந்த இலையை உரலில் இடித்தோ, மின்னரைப்பானில் அரைத்தோ, சல்லடையில் சலித்து எடுக்கலாம். அரைத்த சூடு ஆறியபின்னரே மூட வேண்டும். காற்றுப் புகாத கலத்தில், இருண்ட இடத்தில் வைத்தால் ஆறு திங்கள்வரை கெடாதிருக்கும். ஈரக் கரண்டி கலத்தினுள் புகலாகாது. காம்பு நீக்கிய நான்கு கிலோ கீரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பொடி கிடைக்கும். ஒரு கூடை நிறையப் பறித்த கீரை ஒரு சிறு புட்டிக்குள் அடங்கிவிட்டதைக் கண்டு என் தங்கை, “மீதி எங்கே, அம்மா?” என்று கேட்டாள்.

தூய்மை பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் முருங்கையிலைப் பொடியினால் சிலர் ‘சால்மொனெல்லா’ என்னும் நுண்ணுயிரி தாக்கி நோயுற்றனர். உலர்ந்த பொடியில் நுண்ணுயிரிகள் பெருகுவதில்லை. ஆயின் உயிரோடு உறங்கிக் கிடக்கக்கூடும். கொதிக்கும் கஞ்சியிலோ, குழம்பிலோ இட்டால் அவை அழியும். நம் வீட்டுப் பெண்டிர் கீரையை வேகவைத்தே உண்ணும் வழக்கம் அறிவுடைய வழக்கமே.

இப்பொழுது இப்பொடி தொழிற்பொருளாகவும் வளர்ந்துள்ளது. திண்டுக்கல், தேனி, கரூர், திருப்பூர், தூத்துக்குடி மாவட்டங்களில் முருங்கை பெருமளவிற் பயிராகிறது. பெரியகுளத்தில் உள்ள தோட்டக்கலைக் கல்லூரியார் உருவாக்கிய பி.கே.எம்-1 என்னும் செடிமுருங்கை, விதையிட்ட ஆறு திங்களிலேயே காய்க்கத் தொடங்குகிறது. காய் மிகுந்து சந்தையில் விலை வீழும் நாள்களில், பறிக்கும் கூலிக்கும் கட்டாது என்று உழவர்கள் காயை மரத்திலேயே விட்டுவிடுவதுண்டு. இலைக்கென்று நெருக்கமாகப் பயிரிட்டு, ஐந்தாறு வாரங்களுக்கு ஒருமுறை அறுத்து உலர்த்தி விற்போர்க்கு இத்தொல்லை சற்றுக் குறைவு. பொடி கெடாது, விலை வரும் வரை காத்திருக்கும். ஆயினும் காய்க்காக மருந்து தெளித்த தோட்டத்தின் இலையைப் பொடிக்கு அறுத்தல் தகாது. வெளிநாட்டார் இதனைச் சோதித்துப் பார்த்தே வாங்குகின்றனர். நாமும் கேட்டு வாங்குதல் நன்று.

சர்க்கரை நோயைத் தீர்க்கும், குருதியழுத்தத்தைப் போக்கும், முந்நூறு நோய்களுக்கு மருந்து என்றெல்லாம் இப்பொடியைப் பற்றிக் கூறுவோர் உளர். சர்க்கரை அளவு சிறிது குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அவை சிலரை மட்டும் கொண்டு நடத்திய சிறிய ஆய்வுகள். அந்நோய்களுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் பொடியை மிகுதியாக உண்ணலாகாது. இலை உண்ணத் தக்கது என்பதனால் வேரும் வேர்ப்பட்டையும் உண்ணத் தக்கன ஆகா. அவற்றில் நச்சுப்பொருள்கள் உள்ளன. பொடியையும் முதல்நாளே கரண்டி கரண்டியாக உண்டால் வயிறு போகும். ஒரு சிறு கரண்டியில் தொடங்குவதே முறை.

பொடியை உண்ணும் வகைகளுள் என் தாயார் கையாண்ட சிலவற்றைக் கூறுகிறேன். தோசை மாவிலும் சப்பாத்தி மாவிலும் ஒரு கரண்டி கலக்கலாம். நிறம் மாறும், சுவை மாறாது. பருப்புக் குழம்பை இறக்கும் தறுவாயில் தூவலாம். உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், சிறிது புளி ஆகியவற்றை வறுத்து அரைத்து, அதனோடு சேர்த்தால் சோற்றுக்கும் இட்டலிக்கும் ஏற்ற பொடி ஆகும். நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து உண்ண வேண்டும். கரோட்டின் எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். நெய் உருக்கும்போது ஒரு கொத்து முருங்கையிலை இடும் நம் வழக்கத்தை நினைவு கொள்க. அது மணத்திற்காக மட்டும் அன்று. நெய் விரைவில் காறாமலும் காக்கும். உணவோடு எலுமிச்சஞ்சாறு சிறிது சேர்த்தால் இலையின் இரும்புச்சத்து மிகுதியாகக் குருதியில் சேரும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ பருகினால் அவை அதனைத் தடுக்கும். எங்கள் வீட்டில் உணவுக்குப் பின் காப்பி அருந்தும் வழக்கத்தை என் தங்கைக்காக ஒரு மணி நேரம் தள்ளிவைத்தோம். என் தந்தையாருக்கு அது பெருந்துன்பமாய் இருந்தது.

மூன்று திங்கள் கழித்து மீண்டும் குருதியைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 12 கிராமைத் தொட்டிருந்தது. “என் பொடியின் வேலை” என்றார் என் தாயார். “நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மாத்திரைகளின் வேலை” என்றாள் என் தங்கை. மருத்துவர் இருவர் சொல்லையும் கேட்டுக்கொண்டு, “இரண்டையும் தொடருங்கள், மாத்திரையை எப்பொழுது நிறுத்துவது என்பதை நான் சொல்கிறேன்” என்றார். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீலநிற மாத்திரையை அதுவரை சன்னல் வழியே எறிந்து வந்ததாகவும் என் தங்கை அன்று ஒப்புக்கொண்டாள்.

இப்பொழுது அவள் வெளியூர் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயில்கிறாள். திங்கள்தோறும் ஒரு புட்டிப் பொடி அவளுக்குச் செல்கிறது. கறுப்புத்தாள் சுற்றிய அப்புட்டியின்மேல் அரைத்த நாளை என் தாயார் தம் கையாலேயே எழுதி ஒட்டுகிறார். விடுமுறைக்கு வரும்பொழுதோ அவள் பொடியைக் கேட்பதில்லை. கொல்லைக்குச் சென்று தானே ஒரு கொத்து ஒடித்து வந்து, பச்சைக்கீரையை உருவிப் போட்டுக் கேழ்வரகு அடை தட்டித் தருமாறு கேட்கிறாள்.